வாக்கியமும் குழந்தையும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

குழந்தை வாக்கியத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது என்னும் வினா உளவியலாளருக்கும் மொழியியலாளருக்கும் ஆசிரிய பயிற்சித் துறையினருக்கும் மட்டுமே உரியது என்றொரு கருத்து நம்மிடையே நிலவி வந்துள்ளது. இலக்கியத் திறனாய்வு வளர்ந்த வாசகனிலிருந்தே தனது பணியைத் தொடங்குகின்றது. அவன் எவ்வாறு வாசகனானான், அவனோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்தோருள் யார் யார் வாசகராகாமலே வழியில் விடப்பட்டனர் என்பனவற்றை அது கேட்பதில்லை. இலக்கியம் யாருக்காக என்ற வினாவைத் தொடர்ந்து எழுப்பி வந்த முற்போக்குத் திறனாய்வுங்கூட இவ்வகையில் விதிவிலக்கன்று. எழுத்தாளன் யார் பக்கம் நிற்கின்றான் என்று நாம் விவாதித்தோம். அவன் எழுதிய வாக்கியம் யாருக்கு விளங்கும் என்பதை அந்த அளவுக்கு ஆராயவில்லை.

இக்குறைபாட்டை மனங்கொண்டு, குறிப்பிட்ட ஒரு பிரதேசத்துக் குழந்தையை முன்வைத்து இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருதமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தொடரும் முஸ்லிம் ஊர்கள் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தினுள்ளும் அதன்பின் அம்பாறை மாவட்டத்தினுள்ளும் அடங்குவன. கிழக்கே கடற்றொழில், மேற்கே நெல்வயல், மருதமுனையிற் கைத்தறி எனப் பொருளாதார வாழ்வு அமைந்த இவ்வூர்களில் வீட்டுமொழியும் தமிழ், பாடசாலை மொழியும் தமிழ். ஆகவே இங்கு மொழிப்பிரச்சினை எதுவும் இருக்க முடியாது என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். இந்த எடுகோளையே நாம் கேள்விக்குட்படுத்த விரும்புகிறோம்.

2

முதலில் குழந்தையின் சாதனையைச் சரியாக மதிப்பிடவேண்டும். ஒரு குழந்தை 'ராத்தாவத் தம்பி தள்ளிட்டான்' என்று உம்மாவிடம் முறையிடுவதாகக் கொள்வோம். தள்ளியவன் தம்பி, தள்ளுண்டவள் ராத்தா. ராத்தா முதலில் வந்திருப்பதனால் அவளே தள்ளினாள் என்று உம்மா கருதுவதில்லை; அருகில் நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையும் கருதுவதில்லை. பெயரின் ஈற்றில் ஒட்டிய உருபே செய்தது யார், செய்யப்பட்டது யார் என்பதை அறிவிக்கின்றது. எழுத்துத் தமிழில் 'ஐ' எனத் தெளிவாக நிற்கும் இவ்வுருபு பேச்சிற் குறுகி ஒலிக்கும். ஆயினும் அதனை எவரும் குழந்தைக்குச் சுட்டிக்காட்டிக் கற்பித்ததில்லை.

ஆங்கிலக் குழந்தைகள் சொல்லொழுங்கை நம்பியே வாக்கியத்தின் பொருளைக் கொள்கின்றன. முதலில் வரும் பெயரைச் செய்வோனாகக் கருதும் போக்கு அவற்றிடம் உண்டு என்பதை 1970 இல் பெவர் எடுத்துக்காட்டினார். பின்னர் 1982 இல் ஸ்லோபினும் பெவரும் ஆங்கிலம், இத்தாலியம், சேர்போ-குரோவாசியம், துருக்கியம் ஆகிய நான்கு மொழிகளைப் பேசும் குழந்தைகளிடம் விளையாட்டு விலங்குகளைக் கொடுத்து, கேட்ட வாக்கியத்தை நடித்துக்காட்டச் செய்தனர். சொல்லொழுங்கு எவ்வாறு மாறினும், இரண்டு வயதையொட்டிய துருக்கியக் குழந்தைகளே உருபைக்கொண்டு பொருளைச் சரியாகப் பற்றின. துருக்கிய மொழியில் உருபுகள் ஒழுங்கானவை, ஒன்றோடொன்று மயங்காதவை என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணமாகும். தமிழும் துருக்கியம் போன்று ஒட்டுநிலை மொழி; வினை இறுதியில் வருவது. தமிழ்க் குழந்தைகளும் உருபுகளை மிக இளமையிலேயே கைக்கொள்கின்றன என்பதை 1989 இல் வெளியான ராகவேந்திரா, லெனார்ட் ஆகியோரின் ஆய்வு காட்டியது.

ஆயினும் குழந்தை இலக்கண விதியை மாத்திரம் நம்பி வாழ்வதில்லை. 'பூனை மீன் தின்றது' என்ற வாக்கியத்தில் உருபு இல்லை. எனினும் மீன் பூனையைத் தின்னாது என்பதை மீன்காரன் வந்துபோகும் வாசலில் வளரும் பிள்ளை அறியும். மிக இளங் குழந்தைகள் வாக்கியத்தின் அமைப்பைவிட எது நடக்கக்கூடியது என்ற உலகறிவையே பெரிதும் சார்ந்திருக்கின்றன என்பதை 1974 இல் ஸ்ட்ரோனர், நெல்சன் ஆகியோரின் ஆய்வு உணர்த்தியது. உலகறிவும் உருபும் முரண்படும்போது உருபின் பக்கம் நிற்கக் கற்பதே வளர்ச்சியின் ஒரு முக்கிய கட்டமாகும். 'நாயப் பூன துரத்திச்சு' என்று கேட்டுப் பிள்ளை சிரிக்கின்றதெனில், அது அக்கட்டத்தைக் கடந்துவிட்டது. வழக்கமான உலகைத் தலைகீழாக்கும் ஒரு வாக்கியத்தை அது விளங்கிக்கொண்டு சுவைக்கின்றது. இலக்கிய இரசனையின் தொடக்கம் இங்குதான் உள்ளது எனலாம்.

இச்சாதனைக்கு விளக்கம் தேடியோர் இருவேறு முனைகளுக்குச் சென்றனர். தூண்டல், துலங்கல், பரிசு என்பனவற்றால் மொழி பழக்கப்படுகின்றது என்றார் ஸ்கின்னர். அவரது நூலுக்கு 1959 இல் எழுதிய மதிப்புரையில் சொம்ஸ்கி அதனை மறுத்துப் பின்னர் மொழியாற்றல் பிறப்புடன் வருவது என்ற கொள்கையை வளர்த்தார். குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளியன்று என்பதை நிறுவியமை சொம்ஸ்கியின் அழியாத பங்களிப்பாகும். மார்க்சியர் என்பதற்காக நாம் அதனை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அவரது கோட்பாட்டிற் குழந்தை தனியனாகவே நிற்கின்றது. அதற்கு வீடு இல்லை, வர்க்கம் இல்லை, வாக்கியத்தை அதற்குச் சொன்னவர் யார் என்பதும் இல்லை.

3

சொன்னவர் யார் என்பதே எமது பிரதேசக் குழந்தை வாக்கியத்துடன் சேர்த்துக் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. இக்கரையோர முஸ்லிம்களிடையே திருமணத்தின்போது வீடு பெண்ணுக்கே வழங்கப்படும். மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். எனவே குழந்தை வளர்வது உம்மாவின் உம்மா, சாச்சிமார், அவர்தம் பிள்ளைகள் ஆகியோர் சூழ்ந்த ஒரு வளவினுள். அங்கு வாக்கியங்கள் பல வாய்களினூடாகப் பயணம் செய்கின்றன. 'வாப்பா வாறாரு' என்றால் சொல்பவர் கண்டிருக்கிறார். 'வாப்பா வாறாராம்' என்றால் வேறொருவர் சொல்லக் கேட்டிருக்கிறார். 'ஆம்' என்ற சிறிய ஈறு, செய்திக்குப் பொறுப்பானவர் தான் அல்லர் என்பதைப் பேசுபவர் அறிவிக்கும் சாதனமாகின்றது. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்ட பிள்ளை வாசலுக்கு ஓடுவதா அல்லது 'ஆரு சென்ன?' என்று கேட்பதா எனத் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

துருக்கிய மொழியிலும் இதனையொத்த ஈறு உண்டு. கண்டதைக் கூறும் வடிவத்தை முதலிலும், கேட்டதைக் கூறும் வடிவத்தை அதற்குப் பின்னரும் துருக்கியக் குழந்தைகள் கைக்கொள்கின்றன என்பதை அக்சு-கோச் 1988 இல் விரிவாக எழுதினார். இவ்வேறுபாடு வெறும் இலக்கண வேறுபாடன்று. மற்றவருக்கும் தனக்கும் அறிவு வேறுபடும், அறிவுக்கு ஒரு மூலம் உண்டு, அம்மூலம் நம்பத்தக்கதாகவோ நம்பத்தகாததாகவோ இருக்கலாம் என்ற சமூக உணர்வே அதனூடாக உருப்பெறுகின்றது. 1929 இல் வொலோஷினோவ் மொழியை இரு மனிதருக்கிடையே நிகழும் செயலாக விளக்கியதன் உண்மையை இந்த ஓர் ஈற்றிலேயே காணலாம்.

கதை பிறப்பதும் இங்குதான். 'ஒரு ஊருல ஒரு ராசாவாம்' என்று உம்மாவின் உம்மா தொடங்குகின்றபோது அவர் கண்டதைச் சொல்லவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை என்பதும் தெரியும். உண்மைக்கும் பொய்க்கும் அப்பாலுள்ள கற்பனை என்னும் மூன்றாவது தளத்தை ஓர் உருபே திறந்துவிடுகின்றது. அத்தளத்தினுள் நரி பேசுவதும் மரம் நடப்பதும் முரணாகத் தோன்றுவதில்லை.

இவ்விடத்திற் புகழ்பெற்ற ஓர் ஆய்வை மீள்நோக்குவது பொருத்தமாகும். வைகொட்ஸ்கியின் சகாவான லூரியா 1931 இலும் 1932 இலும் உஸ்பெகிஸ்தானத்தில் எழுத்தறிவற்ற விவசாயிகளைச் சந்தித்து, வடக்கே பனிநாட்டிற் கரடிகள் யாவும் வெண்ணிறமானவை. இன்ன இடம் வடக்கே உள்ளது. அங்குள்ள கரடி என்ன நிறம் என்ற வகையில் வினாக்களைத் தொடுத்தார். தாம் அங்கு சென்றதில்லை, காணாததைப்பற்றிச் சொல்ல முடியாது என்ற பாங்கிற் பலர் மறுமொழி கூறினர். அநுபவத்தினின்று விடுபட்டு அருவமாகச் சிந்திக்கும் ஆற்றல் இன்னும் வளரவில்லை என்பதே லூரியாவின் முடிபு. பொருளாதார வாழ்வு மாறச் சிந்தனையும் மாறும் என்ற அவரது வரலாற்று நோக்கு எமக்கு உடன்பாடானதே. ஆனால் அவ்விவசாயியின் மறுமொழியை இயலாமையாக மட்டும் கொள்வது பொருந்துமா? தான் காணாத ஒன்றுக்குத் தன்னைச் சாட்சியாக்க அவன் மறுத்தான் என்றும் அதனை வாசிக்கலாம். 1988 இல் டயஸ், ஹாரிஸ் ஆகியோர் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு இவ்வாசிப்புக்கு வலுவூட்டுகின்றது. பூனைகள் எல்லாம் குரைக்கும் என்பது போன்ற, அநுபவத்துக்கு மாறான கூற்றுக்களைக் கற்பனை விளையாட்டாக முன்வைத்தபோது சின்னஞ்சிறு பிள்ளைகளும் தருக்கமுறைப்படி முடிவுக்கு வந்தனர். ஆற்றல் குறைவன்று, வாக்கியம் எந்த உறவில் வைத்துச் சொல்லப்பட்டது என்பதே அங்கு தீர்மானகரமான காரணி.

4

இவ்வளவு மொழியறிவோடு பாடசாலைக்கு வரும் பிள்ளை அங்கு எதனைச் சந்திக்கின்றது?

நம் மரபிற் குழந்தையின் முதல் நூல்கள் பெரும்பாலும் ஏவல் வாக்கியங்களால் ஆனவை. ஆத்திசூடியும் அதன் வழிவந்த நீதிநூல்களும் அவ்வாறே அமைந்தன. வீட்டிலும் குழந்தை முதலிற் கேட்பது ஏவலையே. ஆனால் 'இஞ்ச வா' என்ற ஏவலுக்கு அழைக்கும் கை உண்டு. வந்தபின் கிடைக்கும் அணைப்பும் உண்டு. நீதிநூலின் ஏவலுக்கு இவை எவையுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் வெளியிட்ட பாலபாடங்கள் எழுத்து, சொல், சிறு வாக்கியம், உரைநடை எனப் படிமுறையாகக் கற்பிக்க முயன்றமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. செய்யுளை மனனம் செய்த கல்விக்கு எதிராக உரைநடை வாக்கியத்தைப் பிள்ளையின் முன் வைத்தமை ஒரு பாய்ச்சலே. ஆயினும் எழுத்தைக் கூட்டினாற் சொல், சொல்லைக் கூட்டினால் வாக்கியம், வாக்கியத்தைக் கூட்டினாற் பொருள் என்ற எண்ணமும் அதனூடாக உறுதிப்பட்டது. எழுத்தைக் கற்பிப்பதற்கு இவ்வொழுங்கு உதவலாம். விளங்கிக்கொள்வதற்கு இது பொருந்தாது. குழந்தை பொருளிலிருந்தே சொல்லுக்கு வந்தது. வாழ்க்கைச் சூழலின் முழுமையிலிருந்தே வாக்கியத்தின் உறுப்புகளைப் பிரித்தறிந்தது.

கல்முனைப் பிள்ளைக்கு மேலும் ஒரு வாசிப்பு அநுபவம் உண்டு. பாடசாலைக்குச் செல்லும் வயதளவிலேயே குர்ஆன் மதரசாவில் அரபு எழுத்துகளைக் கூட்டி ஓதக் கற்கின்றது. அங்கு ஒலிச்செம்மையே குறிக்கோள். ஓதும் மொழி விளங்காது என்பதைப் பிள்ளையும் அறியும், ஓதிக்கொடுப்பவரும் அறிவார். எழுத்தை ஒலிப்பதும் பொருளை விளங்குவதும் ஒன்றல்ல என்ற தெளிவு அம்மரபினுள்ளேயே இருந்தது. அதனாலேயே முன்னைய தலைமுறைகளிற் தமிழ் நெடுங்கணக்கு அறியாத பல பெண்கள் அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழை, அதாவது அரபுத்தமிழ் நூல்களை, வாசித்துப் பொருளறிந்தனர். ஓதல் தன்னை ஓதல் என்றே அறிவித்துக்கொள்கின்றது. சிக்கல் எழுவது, பாடசாலை தமிழ் வாக்கியத்தையும் கூட்டொலியாக ஓதச்செய்து, அதனையே விளக்கம் எனக் கணக்கிடும்போதாகும்.

இதனை ஒரு சிறு பரிசோதனையால் உணரலாம். 'முடுவன் குமிலியைப் பந்தினான்' என்றொரு வாக்கியத்தை அமைத்துக்கொள்வோம். இதிற் பொருளுள்ள சொல் ஒன்றுமில்லை. 'குமிலியைப் பந்தியவன் யார்?' என்று கேட்டாற் பிள்ளை 'முடுவன்' என்று தயங்காது எழுதும். முழுப் புள்ளியும் பெறும். 'வாசித்து விடை எழுதுக' என்ற தலைப்பின் கீழ் நாம் கேட்டுவரும் வினாக்களுட் பல இவ்வகையினவே. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த உருபறிவை அளந்துவிட்டு, பொருளை விளங்கிக்கொண்டது என்று முடிவு செய்கின்றோம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிப் பிள்ளைகள் துரத்தப்படும் சூழலில் இத்தகைய விடையளித்தலே ஒரு தொழில்நுட்பமாக வளர்ந்துள்ளது.

மட்டக்களப்புத் தமிழே பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது என 1960 களில் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் குறித்தார். இக்கரையோரம் அதே மொழிப்பிரதேசத்தைச் சார்ந்தது. அவ்வாறாயின் இங்கு இடைவெளி மிகக் குறைவாக இருக்கவேண்டுமே! சொல்வடிவைப் பொறுத்தவரை அது உண்மையே. 'எண்டு' என்பதை 'என்று' எனவும், 'இஞ்ச' என்பதை 'இங்கே' எனவும் பிள்ளை விரைவில் மாற்றிக்கொள்ளும். உண்மையான இடைவெளி வாக்கியத்துக்கும் அதனைச் சொல்பவருக்கும் உள்ள உறவில் இருக்கின்றது. பாடநூல் வாக்கியத்திற் சொல்பவர் மறைந்துவிடுகிறார். 'ராசாவாம்' என்பது 'அரசன் இருந்தான்' என்றாகின்றது. கதைசொல்லியும் கேட்பவரும் ஒருங்கே நீக்கப்படுகின்றனர். பேச்சில் அரிதான 'படு' சேர்ந்த செயப்பாட்டுவினை வருகின்றது; செய்தவரும் மறைந்துவிடுகிறார். 'ஆதலால்', 'எனினும்', 'அதாவது' போன்ற இணைப்புச் சொற்கள், நேரில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசியபோது தேவைப்படாத ஒரு தருக்கத்தை எழுத்தின் மீது சுமத்துகின்றன.

இவ்விடைவெளி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமானதன்று. பத்திரிகை உரத்து வாசிக்கப்படும் ஓர் ஆசிரியர் வீட்டிலோ உத்தியோகத்தர் வீட்டிலோ வளரும் பிள்ளை, எழுதத் தொடங்குமுன்பே எழுத்தின் வாக்கியத்தைக் காதாற் கேட்டிருக்கும். கரைவலை இழுப்பவரின் பிள்ளையும், போடியாரின் வயலிற் கூலிக்கு நிற்பவரின் பிள்ளையும், நெசவாளியின் பிள்ளையும் அதனை முதன்முதலிற் சந்திப்பது வகுப்பறையில். நான்கு வயதில் இப்பிள்ளைகள் அனைவருக்கும் 'ஐ' உருபு ஒன்றே. 'ஆம்' ஈறு ஒன்றே. பத்து வயதில் ஒரு சாரார் 'கெட்டிக்காரர்', மறு சாரார் 'மந்தம்'. இடையில் நிகழ்ந்தது இயற்கையின் தெரிவு அன்று, சமூகத்தின் தெரிவு. அமெரிக்காவின் கரோலினாப் பகுதியில் அயலயலாக வாழ்ந்த சமூகங்களை நீண்டகாலம் ஆராய்ந்து 1983 இல் ஷெர்லி பிரைஸ் ஹீத் வெளியிட்ட நூலும் இத்தகைய முடிவுக்கே இட்டுச்செல்கின்றது.

5

இதற்கு எமது மறுமொழி என்னவாக இருந்தது? 1960 களில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் மக்களின் பேச்சுமொழியைப் புனைகதையிற் கையாண்டபோது, அது 'இழிசனர் வழக்கு' எனப் பழமைவாதிகளாற் பழிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் முற்போக்கு அணி வென்றது. அவ்வெற்றியின் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிட எவராலும் முடியாது. ஆனால் அதன் எல்லையையும் இன்று ஒப்புக்கொள்ளவேண்டும். பெரும்பாலான அப்புனைகதைகளிற் பாத்திரங்களின் உரையாடல் மட்டுமே மக்கள் மொழியில் அமைந்தது. விவரிப்பவர், விளக்குபவர், தீர்ப்புக் கூறுபவர் எழுத்துத் தமிழிலேயே நின்றார். மக்கள் பேசுவர், சிந்திப்பது ஆசிரியர் என்றொரு வேலைப்பிரிவினை நாம் அறியாமலே நிலைபெற்றது. அதைவிட முக்கியமாக, அவ்விவாதம் நாவலோடு நின்றுவிட்டது. முதலாந் தரப் பாடநூலை அது எட்டவில்லை. பேச்சுமொழி இலக்கியத்துக்கு உகந்தது என்று நிறுவிய நாம், அதே மொழியில் வரும் பிள்ளையின் வாக்கியத்தை வகுப்பறையிற் 'பிழை' எனச் சிவப்பு மையாற் கோடிட்டு வந்துள்ளோம்.

மறுமுனையில் இன்னொரு தவறும் உண்டு. பிள்ளையின் பேச்சுமொழியே போதும், எழுத்துத் தமிழ் மேட்டுக்குடியினரின் சுமை என்று சிலர் தீவிரம் பேசுவர். இது மக்கள்சார்பு போலத் தோன்றும் மக்கள்விரோத நிலைப்பாடு. தொழிலாளி வர்க்கத்துப் பிள்ளை கடினமான கல்வியை அடையாது தடுக்கப்படுவதே அதன் அடிமைத்தனத்தை நிலைபெறச் செய்யும் என்பதைக் கிராம்சி தமது சிறைக்குறிப்புகளில் வற்புறுத்தினார். மொழி மேற்கட்டுமானமன்று, முழுச் சமூகத்துக்கும் பொதுவானது என்று 1950 இல் எழுந்த விவாதத்திற் கூறப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. எழுத்துத் தமிழின் நீண்ட வாக்கியம் மனித சிந்தனையின் அரிய கருவி; அதனை மறுப்பதன்று, அதற்குரிய வழியைத் திறப்பதே எமது பணி. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் 1999 இல் வெளியிட்ட 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' தற்கால எழுத்துத் தமிழை மொழியியல் அடிப்படையில் விளக்கியதன் மூலம், எழுத்துமொழியை அச்சத்துக்குரிய ஒன்றாகவன்றி ஆராயத்தக்க ஒன்றாக நோக்க வழிகாட்டியது. அந்நோக்கு ஆரம்ப வகுப்பை எட்டவேண்டும்.

1990 களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் முதன்மைப்படுத்தியமை வரவேற்கத்தக்கதே. ஆனால் செயற்பாடு ஒருபுறமும் வாக்கியம் மறுபுறமுமாக நிற்குமாயின் பயனில்லை. தன்னால் தனித்துச் செய்ய முடியாததைக் குழந்தை பிறர் துணையுடன் இன்று செய்யும், நாளை தனித்துச் செய்யும் என்றார் வைகொட்ஸ்கி. வாக்கியத்துக்கும் இது பொருந்தும். பிள்ளை தன் வாயாற் சொன்ன கதையை ஆசிரியர் 'ஆம்' ஈறு கெடாது எழுதிக் காட்டலாம். பின்னர் அதே கதையை எழுத்துத் தமிழில் எழுதி, என்ன மாறியது, சொன்னவர் எங்கே போனார் என்று பிள்ளைகளையே கேட்கலாம். 'கோழி தின்னப்பட்டது' என்ற வாக்கியத்தை வைத்து 'ஆரு திண்ட?' என்று கேட்கப் பழக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. பிள்ளையின் மொழியை மதிக்கும் மனப்பாங்கே தேவை.

6

இறுதியாக, இவ்வினா வகுப்பறையோடு முடிவதன்று. 2004 டிசம்பர் 26 இற் கடல் பொங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. அதன்பின் வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரையான நிலம் மீளக் குடியமர முடியாத வலயமாக 'அறிவிக்கப்பட்டது'. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றராகவே 'நிர்ணயிக்கப்பட்டது'. பின்னர் அவ்வெல்லைகள் 'தளர்த்தப்பட்டன'. அறிவித்தவர் யார், நிர்ணயித்தவர் யார், ஏன் இங்கு இருமடங்கு என்ற வினாக்களுக்கு அவ்வாக்கியங்களின் இலக்கணத்தில் இடமில்லை. வீடிழந்த கடற்றொழிலாளியின் முன் அலுவலக மேசையில் வைக்கப்பட்ட தாளில் இருந்தவை, அவர் முதன்முதலில் வகுப்பறையிற் சந்தித்து, விளங்காமலே ஓதப் பழகிய அதே வகை வாக்கியங்கள்தாம்.

'ஆரு சென்ன?' என்று நான்கு வயதில் உம்மாவிடம் கேட்ட பிள்ளை, நாற்பது வயதில் அவ்வினாவை அந்தத் தாளை நோக்கிக் கேட்கக்கூடியவராக வளரவேண்டும். வாக்கியத்தை விளங்கிக்கொள்ளல் என்பதன் முழுப் பொருள் இதுவே. பிள்ளை அந்த வினாவோடுதான் பாடசாலைக்கு வருகின்றது. அதனை அங்கு இழந்துவிட்டு வெளியேறுகின்றதா, எழுத்தின் துணையுடன் கூர்மைப்படுத்திக்கொண்டு வெளியேறுகின்றதா என்பதே கல்வியாளரும் திறனாய்வாளரும் ஒருங்கே முகங்கொடுக்கவேண்டிய பிரச்சினையாகும்.